நாடகத்தில் எனக்கொரு பாட்டு இருந்தது

என் செல்ல அலமுவுக்கு,

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. நீ எழுதிய ‘பன்னெண்டு கட்டில்’ நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள். பெரிய திரையில், பெயர் பெற்ற நடிகர்களை வைத்து. கள்ளக்குறிச்சித் தியேட்டரில் வாரக்கணக்கில் ஓடியது.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. மூச்சு முட்டி, மலையிலிருந்து உன்னை ஆம்புலன்ஸில் இறக்கிக்கொண்டு வந்த அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். உள்ளே விடவில்லை. பிறகு மலைமேல் உன் ஊர் கரியாலூருக்கு வந்து உன்னைப் புதைத்த இடத்திலும் நின்றேன். சுற்றிலும் ஆட்கள். பேச வந்ததைப் பேசாமலே பஸ் ஏறிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். இதைப் பத்திரிகையில் போடவும் கொடுக்கப் போகிறேன். நீ மட்டும் படிக்கிற மாதிரி எழுதினால் நான் மறுபடியும் ஒளிந்துகொள்வேன், எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது.

எனக்குப் பதினெட்டு, உனக்குப் பதினாறு. மேற்கே ஒரு ஸ்பின்னிங் மில். மூன்று வருஷம் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி ஊர் ஊராக வந்து பெண்களைக் கூட்டிப் போனார்கள். நான் மணலூர்பேட்டைப் பக்கம், கரும்பு வெட்டுகிற வீடு. நீ கல்வராயன் மலை. வசந்தி உளுந்தூர்பேட்டைப் பக்கம். நம் மூன்று பேருடைய கட்டிலும் வரிசையாக இருந்தது. நடுவில் நான். ஓர் அறையில் பன்னிரண்டு இரும்புக் கட்டில். வேலை முடிந்து வந்ததும் வார்டன் வெளியே பூட்டைப் போட்டுவிடுவாள். ஜன்னலுக்கு உயரத்தில் கம்பி. மில்லிலிருந்து ஹாஸ்டலுக்கு நடக்கிற நூறடிதான் நாம் பார்த்த வானம்.

அந்த அறையைத்தான் பத்து வருஷம் கழித்து நீ நாடகமாக எழுதினாய். அப்போது நீ மலையில் அங்கன்வாடி வேலையில் இருந்தாய். எனக்குக் கல்யாணமாகி, கள்ளக்குறிச்சியில் வீட்டோடு தையல் கடை. கூட்டத்துக்கு என்று கீழே இறங்கி வரும்போதெல்லாம் என் வீட்டுக்கு வந்துவிடுவாய். ஒருநாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாய்.

“அக்கா, முழுக்கப் பாட்டாவே எழுதியிருக்கேன். பேச்சு ரொம்பக் கம்மி. நாம ரூம்ல பேசினதவிடப் பாடினதுதான ஜாஸ்தி?”

உண்மைதான். பேசினால் வார்டன் கதவைத் தட்டுவாள். பாடினால் சாமிப் பாட்டு என்று விட்டுவிடுவாள். சாமிப் பாட்டு மெட்டில் நாம் என்னென்னவோ பேசிக்கொண்டோம்.

மகளிர் குழுக் கட்டடத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒத்திகை. எட்டுப் பெண்கள். எதிர்வீட்டு ஜெமீலா அக்கா டோலக் அடிக்க வந்தார். அவர் வீட்டுக்காரர் பேன்சி ஸ்டோரைப் பார்த்துக்கொள்வார், இவர் டோலக்கைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு படியேறுவார். நீ ஆர்மோனியம். பெஞ்சுகளைக் கட்டிலாகப் போட்டோம். மில் சத்தத்துக்கு எவர்சில்வர் தட்டில் கரண்டி. எட்டுக் கட்டிலில் ஆள். மீதி நாலில் மடித்து வைத்த போர்வை மட்டும். இல்லாமல் போனவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

முதல் தடவை கல்யாண மண்டபத்தில் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? நாடகம் ஆரம்பித்ததும் மண்டபக் கதவையெல்லாம் சாத்தச் சொன்னாய். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாய். ஜனம் முனகியது. “இன்னாம்மா இது, வெந்துபோறோம்” என்று ஓர் ஆள் கத்தினான். நீ ஆர்மோனியத்தை விட்டுக் கையை எடுக்காமல், “ஒரு மணி நேரந்தாங்க. நாங்க மூணு வருசம்” என்றாய். அதற்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

படம் அப்படி இல்லை அலமு. படத்தில் காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. உன் கட்டிலறை மொத்தம் கால் மணி நேரம்தான் வருகிறது. மீதியெல்லாம் வெளியே. கதாநாயகி தூங்கும்போது கனவு காண்கிறாள், கனவில் நம் மலை வருகிறது, மேகம் அருவி இரண்டும் வருகின்றன, ஐம்பது பெண்கள் ஒரே நிறப் பாவாடையில் தண்ணீரில் ஆடுகிறார்கள். உன் மெட்டுதான். ‘கட்டில் காலு நாலு, எங்க காலு ரெண்டு’ என்று நீ முணுமுணுக்கிற மாதிரி போட்டாயே, அதை வேகப்படுத்தி, வயலினும் டிரம்ஸும் வைத்து, துள்ளாட்டம் ஆக்கிவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். நானே ஒருநாள் மிஷினில் உட்கார்ந்துகொண்டு அந்த வேகத்தில் முணுமுணுத்துவிட்டேன். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டுக்குப் பிறகு கரியாலூரில் கார்கள் நிற்க இடமில்லை என்று உன் தம்பி சொன்னான். வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடம் எது, எது என்று கேட்டுப் போய்ப் போட்டோ எடுக்கிறார்களாம். உன் அங்கன்வாடிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை வந்திருக்கிறது.

ஓர் அப்பாவைத் தவிர ஆண் வாசமே இல்லாத உன் நாடகத்தில் ஒரு லாரி டிரைவரைக் கொண்டுவந்து கதாநாயகன் ஆக்கியிருக்கிறார்கள். கடைசியில் அவன் லாரியை விட்டு மில் கேட்டை இடித்துத் தள்ளுகிறான், பெண்கள் எல்லோரும் ஓடி வருகிறார்கள். உன் நாடகத்தில் கேட் ஒருமுறைதான் திறக்கும். ஓர் அப்பா வந்து கேட் முன்னால் உட்காருவார், போகச் சொன்னாலும் போக மாட்டார். கடைசியில் அவர் மகளை மட்டும் வெளியே விட்டு, மறுபடி பூட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கிறவர்கள் பாடுகிற பாட்டோடு நாடகம் முடியும். உனக்கு நடந்தது அதுதான். உன் அப்பா மலையிலிருந்து வந்து உன்னைக் கூட்டிப்போனார். நானும் வசந்தியும் இன்னும் ஒரு வருஷம் உள்ளே இருந்தோம்.

நாடகம் முடிந்து நாம்தான் போய் மண்டபக் கதவைத் திறந்துவிட வேண்டும். ஜனம் கைதட்ட மறந்து, வெளிக்காற்றைப் பார்த்து நடக்கும். படம் முடிந்ததும் தியேட்டரில் விசில்.

இதெல்லாம் இருக்கட்டும். நாடகத்தைப் படமாக்கினால் மாற்றத்தான் செய்வார்கள் என்று ஜெமீலா அக்கா சொன்னார். நான் எழுத வந்தது வேறு.

காட்டிக்கொடுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாளே உன் நாடகத்தில், பேர் இல்லாதவள். அவளைப் பற்றி.

அன்று என்ன நடந்தது என்று உன்னிடம் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது சொல்கிறேன்.

பொங்கலுக்கு வார்டன் நம்மையெல்லாம் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் நீயும் வசந்தியும் நழுவி, பஸ் ஏறி, ஊருக்குப் போய்ப் பெரியவர்களைக் கூட்டி வருவதாகத் திட்டம். என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் படுத்திருந்தவளிடம் சொல்லாமல் எப்படி? பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் பகல் ஷிப்டில் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மணலூர்பேட்டையிலிருந்து போன். என் அம்மாவுக்கு முடியவில்லை, கண் திறக்கவில்லை என்று சித்தப்பா பேசினார். நான் வார்டன் காலில் விழுந்தேன்.

“அனுப்புறேன். நாலு நாள் லீவு குடுக்குறேன்” என்றாள் வார்டன். “ரூம்ல என்னமோ நடக்குதுன்னு தெரியும். யாரு யாருன்னு பேர மட்டும் சொல்லு. இப்பவே பஸ்ல ஏத்திவுடுறேன்.”

நான் எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா? நீ நினைப்பாய் ரொம்ப நேரம் என்று. இல்லை. சுவரில் ஒரு காலண்டர். அதில் சாமி படம். அதைப் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

நான் அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது நீ மிஷின் முன்னால் நின்று இருமிக்கொண்டிருந்தாய். உன்னையும் வசந்தியையும் கழிவுப் பஞ்சு போடுகிற குடோனில் இரண்டு நாள் பூட்டி வைத்திருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். காட்டிக்கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. நீ என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

“அம்மா எப்டிக்கா இருக்காங்க?”

“போயிட்டாங்க” என்றேன்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பஞ்சு ஒட்டிய கை. அப்போது உனக்குத் தெரியுமா, அலமு? அப்போதே தெரியுமா, இல்லை பிறகா?

உனக்குத் தெரியும் என்று நான் கண்டுகொண்டது அந்த மாடியில், முதல் ஒத்திகையில்தான். எல்லோருக்கும் வேஷம் பிரித்துக் கொடுத்தாய். கடைசியில் ஒரு தாளை என்னிடம் நீட்டினாய். “அக்கா, இது உனக்கு. தனிப் பாட்டு.” வாங்கிப் படித்தேன். காட்டிக்கொடுத்தவள் பாடுகிற பாட்டு.

*ஒரு பேரு சொன்னாக்கா ஒரு கதவு தெறக்குமாம்*
*தாய் முகம் பாக்கணும்னு தாண்டிப் போனேன் வாசப்படி*
*எம் பேரச் சொல்லலாம்னு ஏனோ தோணலியே*
*ஏழைப் புத்தி எனக்கு ஏனோ தோணலியே*

நிமிர்ந்து பார்த்தேன். நீ ஆர்மோனியத் துருத்தியில் என்னவோ சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாய். “சுதி சரியா வருதா பாருக்கா, ஒசரமா இருந்தா எறக்கிக்கலாம்” என்றாய். அவ்வளவுதான். அதற்கு மேல் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு ஊரில் அந்தப் பாட்டைப் பாடினேன். ஒவ்வோர் ஊரிலும் பெண்கள் அழுதார்கள். எனக்காக அழுதார்கள் அலமு. அவர்கள் அழ அழ, என் நெஞ்சில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தில் அந்தப் பாட்டு இல்லை.

படமெடுக்கும்போது ஓர் உதவி டைரக்டர் பையன் நம் நாடகக்காரிகளைப் பார்க்க வந்தான். உன் தம்பி அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தான். “என் பாட்டு வருதாப்பா?” என்று கேட்டேன். “இல்லக்கா. அந்தக் கேரக்டர் மேல ஆடியன்சுக்குப் பாவம் வந்துட்டா கோவம் வராது. கோவம் வந்தாத்தான் கிளைமாக்ஸ் நிக்கும்” என்றான். நல்ல பையன்தான். என் தையல் கடையில் அவன் சட்டைப் பட்டன் தைத்துக்கொடுத்தேன்.

படம் பார்க்கத் தெருவே கிளம்பியது. மதியக் காட்சி. எனக்கு இடப்பக்கம் என் வீட்டுக்காரர், வலப்பக்கம் என் மகள் நிவேதா, அவளுக்கு அந்தப் பக்கம் ஜெமீலா அக்கா. காட்டிக்கொடுக்கிறவளுக்குப் படத்தில் கனகா என்று பேர். தாய் இல்லை, போன் இல்லை. வார்டன் ஒரு புதுப் புடவையைக் காட்டுகிறாள், கனகா சிரித்துக்கொண்டே, “பேரு சொல்லட்டா மேடம்?” என்கிறாள். தியேட்டரே ஊளையிட்டது.

பிறகு குடோன் வந்தது.

நம் நாடகத்தில் குடோனுக்கு ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீ இரண்டு வரி பாடுவாய், வேட்டியை மடித்துவிடுவார்கள். அவ்வளவுதான் எனக்கு நீ காட்டியது. படத்தில் கதவைச் சாத்துகிற சத்தத்திலிருந்து காட்டுகிறார்கள். இருட்டு. கூரைப் பொத்தலில் ஒரு கோடு வெயில், அந்த வெயிலில் பஞ்சுத் தூசி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு கதவடியில் இருக்கும் சந்தில் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறார்கள். ஒருத்தி கதவைத் தட்டித் தட்டி ஓய்கிறாள். தண்ணீர் கேட்கிறாள். இன்னொருத்தி இருமுகிறாள், நிறுத்த முடியவில்லை.

இப்படித்தான் இருந்ததா? நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? உன் நாடகத்தில் ஏன் இரண்டு வரியோடு வேட்டியை மடித்தாய்? எனக்காகவா?

எழுந்து வெளியே போக நினைத்தேன். போயிருக்கலாம், யாரும் பிடித்து வைக்கவில்லை. ஆனால் எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து முழுப் படத்தையும் பார்த்தேன். கதாநாயகி கனகாவைக் கன்னத்தில் அறைந்தபோது நிவேதா சீட்டில் ஏறி நின்று விசில் அடித்தாள். “இன்னொண்ணு குடு அவளுக்கு!” என்று கத்தினாள். என் மகள், அலமு. உன் மடியில் தூங்கிய குழந்தை.

வெளியே வரும்போது ஜெமீலா அக்கா என் கையைப் பிடித்தார். “இன்னா செந்தாமர, உன் வேஷத்த இப்டிப் பண்ணிட்டானுங்க? ரொம்ப ஜாஸ்தி பண்ணிட்டானுங்க. நீ பாடுனா அழுதுகினே டோலக் அடிப்பேன் நானு.”

“வேஷந்தானக்கா” என்றேன்.

அதற்குப் பிறகு எங்கே திரும்பினாலும் அந்த ஒரு வசனம். பஸ்ஸில் பின்சீட்டுப் பையன்கள் போனில் வைத்துச் சிரிக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் யாரோ முந்திப் போனால், “பேரு சொல்லட்டா மேடம்?” என்கிறார்கள். நாடகத்தில் அந்த வேஷம் போட்டவள் நான்தான் என்று தெருவுக்கே தெரியும், அதனால் பிள்ளைகள் என் கடை வாசலில் நின்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். கேலிதான். நான் சிரிக்க வேண்டும். சிரித்தேன். ஜாக்கெட் அளவெடுக்க வந்த பெண் சொன்னாள், நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்தால் நிவேதா போனில் அதே குரல். வெளியே போனாலும் அது, உள்ளே வந்தாலும் அது. வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டும்.

அப்படியே போயிருக்கும். போன மாதம் படத்துக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அதே கல்யாண மண்டபம். நாடகத்தில் நடித்தவர்களுக்குச் சால்வை போடுவதாக அழைப்பு. நான் வரவில்லை என்றேன். அவர் விடவில்லை. “சும்மா போய் வாங்கிக்கினு வா. ஊரே வருது, நீ மட்டும் வூட்ல குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?”

மேடையில் வரிசையாக நின்றோம். மைக் பிடித்த பையன் ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டு என்னிடம் வந்தான். “ஒரிஜினல் கனகா யாருன்னு தெரியுமா? இந்த அக்காதான்! அக்கா, அந்த டயலாக்க ஒருதடவ உங்க வாயால சொல்லுங்கக்கா!” மண்டபம் முழுக்க ஒரே குரலில், “பேரு சொல்லட்டா! பேரு சொல்லட்டா!” முன்வரிசையில் நிவேதா போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மைக்கை வாங்கினேன். சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வாங்கினேன். மூன்று வார்த்தைதானே. ஆனால் வாயைத் திறந்ததும் உன் பாட்டு வந்துவிட்டது. சுருதி இல்லை, டோலக்கும் இல்லை. ‘எம் பேரச் சொல்லலாம்னு ஏனோ தோணலியே’ என்கிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

“இது நான் நடிச்சது இல்லீங்க” என்றேன். “அது நான்தாங்க. அந்த ரூம்ல இருந்தது, பேரு சொன்னது, நான்தான். அலமு செத்துட்டா. அவளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.”

பிறகு என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள் அலமு. எழுந்து நின்று தட்டினார்கள். “செம பெர்பார்மன்ஸ்க்கா!” என்று அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சால்வை போட்டார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? எப்படிச் சொன்னால் நம்புவார்கள்?

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. நிவேதா போனை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அவர்தான் பேசினார். “எதுக்கு இப்ப இதெல்லாம்? நடிப்புன்னுதான் எல்லாரும் நெனச்சுக்கினாங்க. அப்படியே வுட்டுடு” என்றார். எனக்காகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த நாள் காலையில் நிவேதா அடுப்பருகே வந்து நின்றாள். எது கேட்டாலும் சொல்லிவிடுவது என்று நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“ம்மா, நீ போனப்ப ஆயா உசுரோட இருந்துச்சா?”

“இருந்தாங்க. மூணு நாள் இருந்தாங்க.”

“உன்னைப் பாத்துச்சா?”

“கண்ண தெறக்கல. கைய மட்டும் புடிச்சுக்கினாங்க.”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு, “அலமு அத்தைய ஏம்மா அப்டிப் பண்ண?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பள்ளிக்கூடம் போய்விட்டாள். சாயந்தரம் வந்து சாப்பிட்டாள். என் கையால் பரிமாறினதைச் சாப்பிட்டாள். அதுவே போதும் என்று இருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தையும் இங்கேயே முடித்திருப்பேன். உன் பாட்டைப் படம் வெட்டிப் போட்டது, நான் மேடையில் அதைத் திரும்ப வைத்தேன், நீதான் ஜெயித்தாய் என்று எழுதியிருப்பேன். அப்படித்தான் ஒரு வாரம் நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

நான் பாடியதை யாரோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

“செந்தாமரயா?”

“ஆமா. யாருங்க?”

“வசந்தி. களமருதூர்ல இருந்து பேசுறேன்.”

மிஷினை நிறுத்தினேன். மில்லை விட்டு வந்த பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. நாடகத்துக்குக் கூப்பிட நீ ஆள் அனுப்பியும் அவள் வரவில்லை.

“வீடியோ பாத்தேன். நல்லாப் பாடுற” என்றாள்.

“வசந்தி...”

“எனக்கு அப்பவே உம் மேல சந்தேகந்தான். அலமு இல்லவே இல்லன்னா. அவ நல்லவ. நாடகத்துல உனக்குப் பாட்டெல்லாம் எழுதிக் குடுத்தான்னு கேள்விப்பட்டு, நான் அவகூடப் பேச்ச வுட்டுட்டேன். இப்ப படம் பாத்தேன். அந்தக் குடோனு அப்டித்தான் இருந்துச்சு. அந்தக் கனகாவ அறையறப்ப நான் அழுதுட்டேன். இத்தினி வருசத்துல அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“செந்தாமர, நீ ரெண்டு பேரு சொன்ன. பாட்டுல ஒரு பேருதான் வருது.”

போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் தைக்க உட்காரவில்லை. ஆமாம் அலமு, இரண்டு பேர் சொன்னேன். ‘அலமேலு, வசந்தி’ என்று. நீ உன் பேருக்கு மட்டும் மன்னித்தாய். உன்னால் அவ்வளவுதான் முடியும், அவளுக்காக நீ எப்படி மன்னிப்பாய்? உனக்கு அது தெரிந்ததால்தான் ‘ஒரு பேரு’ என்று எழுதினாயா? நானோ உன் பாட்டுக்குள் புகுந்து சுகமாக உட்கார்ந்துகொண்டேன். பத்துப் பன்னிரண்டு ஊரில் பாடியும் அந்த இரண்டாவது பேர் எனக்கு ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

நாடகமா படமா, எது உண்மை என்று இத்தனை நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்த கண்ணால் நாடகம் எழுதினாய். வசந்தி என்னைப் பார்த்த கண்ணால், அவளை யாரென்றே தெரியாத ஒருவர் படம் எடுத்துவிட்டார். புதுப் புடவை பொய். அந்தச் சிரிப்பும் பொய். ஆனால் குடோனுக்குள் கிடந்தவளுக்கு வெளியே இருந்தவள் சிரித்தாளா அழுதாளா என்று என்ன தெரியும்? அவளுக்குத் தெரிந்தது கதவு மட்டும்தான்.

அவள் நம்பருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. முகவரியை உளுந்தூர்பேட்டையில் இருக்கும் ஒரு பழைய மில்காரியிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். நிவேதா, “நானும் வரட்டாம்மா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் முன்னால் என்றால் வசந்தி அடக்கிப் பேசுவாள். அடக்கக் கூடாது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அலமு. வியாழக்கிழமை களமருதூருக்குப் போகிறேன். அவள் வாசலில் நின்று, “உம் பேரையும் நான்தான் சொன்னேன்” என்பேன். என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்க மாட்டேன். உன் பாட்டைப் பாட மாட்டேன். நீ மன்னித்ததாகச் சொல்ல மாட்டேன். அவள் திட்டினால் கேட்டுக்கொள்வேன், அடித்தால் வாங்கிக்கொள்வேன், முகத்தில் கதவைச் சாத்தினால் அடுத்த வியாழக்கிழமையும் போவேன். அவளாக ஒருநாள் போதும் என்று சொல்லும்வரை அந்தப் பாட்டை எந்த மேடையிலும் பாட மாட்டேன்.

நீ அக்கா என்று கூப்பிட்டதற்கு இன்னும் தகுதி தேடிக்கொண்டிருக்கும்,

உன் செந்தாமரை அக்கா
கள்ளக்குறிச்சி